வண்ணமுத்துவும் ஆறாவது தட்டும்

டிவியிலிருந்து வண்ணமுத்து இறங்கி வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மில் காலனியில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, கறிக்கடையில் கூட்டம் இருந்தது, சித்தப்பா முற்றத்தில் உட்கார்ந்து ஹாக்கி மட்டைக்குச் சிவப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தார், நான் காதோரம் எண்ணெய் வழிய எங்கள் வீட்டு பிளாக் அண்ட் ஒயிட் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த கார்ட்டூனில் நாய் அவனைத் துரத்துவதையும் அவன் ஓடுவதையும் வாரம் தவறாமல் சிரிப்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தேன். நாய்க்குப் போக்குக் காட்டுவதற்காக அவன் திரையின் ஓரத்தைத் தாண்டி ஒரு எட்டு வெளியே வைத்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கரண்ட் திரும்பி வந்தபோது டிவியில் வயலும் உரமும் ஓடிக்கொண்டிருந்தன, அவன் எங்கள் முற்றத்து ஆட்டுரலுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருட்டி வந்திருக்கா?" என்றாள்.

"டிவில வாரவன்ம்மா. கரண்ட் போனதுல வெளிய மாட்டிக்கிட்டான்."

"வெயில்ல நிக்க விடாத, உள்ள வரச் சொல்லு. இந்தக் கரண்ட்டுக்காரனுவளுக்கு நேரங்காலமே கெடையாது" என்று சொல்லிவிட்டு அம்மா குழம்பைக் கிண்டப் போய்விட்டாள்.

ஒல்லிக் குச்சி உடம்பு, கத்திரிக்காய் மூக்கு, கையில் வெள்ளை உறை, உறைக்குள் நாலே நாலு விரல். எங்கள் டிவியிலிருந்து வந்ததால் உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும்தான். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது, கலர் டிவி வைத்திருந்த மந்திரமூர்த்தி அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைகள் மட்டும் "இவன் கால்சட்டை மஞ்சள், தொப்பி சிவப்பு, உங்க வீட்டுல வந்து இப்படி வெளுத்துப் போனான்" என்று எங்களைக் குறை சொன்னார்கள். அதைக் கேட்ட சித்தப்பாதான், சாயமே இல்லாத அவனுக்கு வண்ணமுத்து என்று பேர் வைத்தார். சித்தப்பாவின் நக்கலுக்கு அளவே கிடையாது.

இப்போது எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. கோவில்பட்டிப் பக்கத்தில் ஹாக்கி மட்டை இல்லாத வீடு கிடையாது, எங்கள் மில் காலனியிலோ தொட்டில் கட்டின வீட்டில் மட்டையும் சாத்தி வைத்திருப்பார்கள். தைப் பொங்கல் கழிந்த மறு ஞாயிறு உலைக்கோப்பை ஹாக்கிப் போட்டி நடக்கும். வீட்டுக்கு ஆறு பேர். ஆணோ பெண்ணோ, பல் விழுந்தவரோ பல் முளைக்காதவரோ, அந்த ஆறு பேரும் ஒரே உலையில் பொங்கின சோற்றைத் தின்கிறவர்களாக இருக்க வேண்டும். ஒரு காலத்தில் காலேஜில் ஆடுகிற பையன்களை அக்கா மகன் என்றும் அத்தை பேரன் என்றும் சொல்லி இறக்கிவிட்டதால் வந்த சட்டம் அது. அதற்காகவே அம்பயர் மந்திரமூர்த்தி அண்ணாச்சி பொங்கலை ஒட்டி ஏதாவது ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வருவார், ஆறு பேர் அந்தப் பானைச் சோற்றைத் தின்பதைக் கண்ணால் பார்ப்பார், ஒரு வாய் மோர் குடிப்பார், போவார். இதற்கு உலை பார்க்கிறது என்று பேர். எங்கள் காலனியில் பெண் பார்க்கப் போகிறவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்க மாட்டார்கள், இடது பக்கம் ஆடுவாளா என்றுதான் கேட்பார்கள். பிட்டர் குருசாமி வீட்டில் சாத்தூரிலிருந்து அப்படித்தான் ஒரு மருமகளை எடுத்தார்கள், அவள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் மாமனார் உட்பட எல்லோரும் வழி விட்டு நிற்பார்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். அப்பா அய்யலுசாமி, ஸ்பின்னிங் மேஸ்திரி, கேப்டன். அம்மா சீனியம்மா, சேலையை வரிந்து கட்டி அதற்கு மேல் பேடு கட்டிக்கொண்டு கோலில் நிற்பாள், பந்து அவளைத் தாண்டினதைவிட பால் பொங்கி வழிந்ததுதான் அதிகம். சித்தப்பா, பெரியண்ணன் கெங்குராஜ், சின்னண்ணன் சேது, நான் செண்பகம். கெங்கு அண்ணன் ஆடினால் பந்து மட்டையில் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டு வரும். அந்த அண்ணன்தான் ஒரு பைனலில், கடைசி நிமிஷத்தில் கிடைத்த பெனால்ட்டி ஸ்ட்ரோக்கை வெளியே அடித்தான். அப்பா மைதானத்திலேயே, அத்தனை பேர் நடுவில், "இனி என் உலையில ஒனக்குச் சோறு கெடையாதுலே" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் எந்த அப்பாவும் சொல்வதுதான், மறுநாள் ஆறிப் போவதுதான். ஆனால் உலைக்கோப்பை ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு கனம். அண்ணன் அன்றைக்கே ரயிலேறிப் பூனாவுக்குப் போய் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்துவிட்டான்.

அதற்கப்புறம் வந்த பொங்கலுக்கு ஆள் குறைந்ததால் நாங்கள் ஆடவே இல்லை. அம்மா ஒருநாள் விடாமல் கேட்பாள், "ஒரு போன் பண்ணி வாலேன்னு சொன்னா என்ன, கிரீடம் எறங்கிருமா?" அப்பா செய்தித்தாளைத் திருப்புவார். வரும் சித்திரையில் அப்பாவுக்கு ரிட்டயர்மெண்ட், குவாட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும், ஆகவே அதற்கு முன்னால் வரும் பொங்கல்தான் எங்களுக்குக் கடைசி உலைக்கோப்பை. மகன் இல்லாமல் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று அம்மா நினைத்தாள். கோப்பை இல்லாமல் போகக் கூடாது என்று அப்பா நினைத்தார். இந்த நிலைமையில்தான் டிவியிலிருந்து ஒருத்தன் இறங்கி நின்றான்.

அவன் முற்றத்தில் கிடந்த பந்தைக் காலால் தட்டினதைப் பார்த்ததுமே அப்பாவின் கண் விரிந்துவிட்டது. சிவப்பு டேப் சுற்றின மட்டையைக் கையில் கொடுத்தார். ஏ யப்பா, என்ன ஆட்டம்! ஓடுவதற்கு முன்னால் அவன் கால் ரெண்டும் நின்ற இடத்திலேயே சக்கரமாகச் சுற்றும், புழுதி கிளம்பும், அதற்குப் பிறகுதான் ஆள் நகர்வான், நகர்ந்தால் கண்ணுக்குத் தெரிய மாட்டான். கை ரப்பராக நீளும். பந்து தலையில் பட்டால் ஒரு வீக்கம் எழும்பி அதைச் சுற்றி நட்சத்திரம் பறக்கும், அந்த நட்சத்திரங்கள் புல்லில் கொட்டும், பிள்ளைகள் பொறுக்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டு போவார்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பை ஈரமாக இருக்கும்.

காலனி இதையெல்லாம் அதனதன் முறைப்படி எடுத்துக்கொண்டது. மந்திரமூர்த்தி அண்ணாச்சி கமிட்டியைக் கூட்டி, கால் சுற்றுவது தப்பில்லை, ஆனால் கோலுக்கு முன்னால் இருக்கிற டி வளையத்துக்குள் நட்சத்திரம் கொட்டினால் பெருக்கிவிட்டுத்தான் ஆட வேண்டும் என்று சட்டம் போட்டார். அவன் பூனை நடை நடந்தால் எங்கிருந்தோ டொய்ங் டொய்ங் என்று சங்கீதம் கேட்டது. "இவன் ஒருத்தன்தான்டி திருட முடியாத ஆம்பள" என்று பெண்கள் அவனை நம்பிப் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடைக்குப் போனார்கள். ஒருதரம் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவன் மில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் பாதி தூரம் ஓடிவிட்டு அப்புறம்தான் கீழே பார்த்தான், பார்த்த பிறகுதான் விழுந்தான். அன்றிலிருந்து எங்கள் காலனியில் புருஷன் வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கும், ஆபரேஷனுக்குப் போகும் ஆளுக்கும், பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும், "கீழ பாக்காம போ" என்று சொல்லி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. நானும் என் கல்யாணத்தன்று அதைத்தான் கேட்டேன், அழுகை வந்துவிட்டது எனக்கு.

ஒரே ஒரு குறை, அவன் சாப்பிட மாட்டான். பசி என்பதே அவனுக்குத் தெரியாது. சோறு தின்னாதவன் எப்படி உலைக்காரன் ஆவான்? சேது அண்ணன் ஒருநாள் விளையாட்டுக்கு, அவன் சுட்டுவிரலைப் பிடித்துக் கருப்பட்டிப் பாகில் முக்கி அவன் வாயிலேயே வைத்தான். அவன் சப்புக் கொட்டினான். வெளியே எடுத்தால், அந்த ஒரு விரல் மட்டும் நல்ல மாநிறத்தில், ரேகையோடும் நகத்தோடும், எங்கள் விரல் மாதிரி இருந்தது. அப்பா கைதட்டினார். "பாத்தியா சீனி! ஒரு கவளம் போட்டா முழு ஆளா ஆயிருவான், எந்தக் கமிட்டிக்காரன் கேப்பான்?" ஆனால் அன்று சாயங்காலம் வண்ணமுத்து கதவிடுக்கில் கையை வைத்துவிட்டான். அதற்கு முன்னால் லோடு லாரி அவன் மேல் ஏறி அப்பளமாகத் தட்டினபோதுகூட உதறிவிட்டு எழுந்து சிரித்தவன், அந்த ஒரு விரல் நசுங்கினதற்கு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதான். சத்தமில்லாத அழுகை. அம்மா விரலை ஊதிவிட்டபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு வந்தது. அவனுடைய படம் தொடங்கியதும் அவன் டிவிக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினான். மூன்று விரலும் தண்ணீருக்குள் போவதுபோல் கண்ணாடிக்குள் போய்விட்டன, கருப்பட்டி விரல் மட்டும் டொக்கென்று முட்டி நின்றது. அப்பா எழுந்து டிவிப் பெட்டியின் மடக்குக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். வண்ணமுத்து பூட்டின பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான். சங்கீதம் கேட்கவில்லை.

அம்மா மந்திரமூர்த்தி அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் கலர் டிவியில் அந்தப் படத்தைப் பார்த்தாள். துரத்த ஆளில்லாமல் அந்த நாய் வாசல்படியில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. அரை மணி நேரப் படத்திலும் அதுதான். படுத்திருந்தது, ஏதாவது சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்த்தது, மறுபடியும் படுத்துக்கொண்டது. அதன் தட்டில் எலும்பு அப்படியே இருந்தது. அண்ணாச்சி மகள்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து அரிசி களைய உட்கார்ந்தவள், அப்படியே கை களைநீரில் கிடக்க உட்கார்ந்தே இருந்தாள்.

பொங்கல் கழிந்து ரெண்டு நாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், "அய்யலு, உலை பாக்க வந்திருக்கேன்" என்று மந்திரமூர்த்தி அண்ணாச்சி உள்ளே வந்தார். வரிசையாக ஐந்து தட்டு, ஆறாவதாக வண்ணமுத்துவுக்கு முன்னால் கெங்கு அண்ணனின் பழைய எவர்சில்வர் தட்டு. எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டு வந்த அம்மா ஆறாவது தட்டுக்கு வந்ததும் அகப்பையோடு நின்றுவிட்டாள். வண்ணமுத்து சமர்த்தாக வாயைத் திறந்துகொண்டிருந்தான். அந்த விரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தான்.

"போடு சீனி" என்றார் அப்பா.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டு டிவில அந்த நாயி என்ன செய்யுது?"

"அத ஏன் மதினி கேக்கிய" என்று அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "வாசல்லயே கெடக்கு."

"அப்பம் இவனுக்கும் ஒரு வீடு இருக்கு. தட்டு இருக்கு. ஒரு வீட்டுத் தட்டக் காலியாக்கி என் வீட்டுத் தட்ட நான் நெரப்ப மாட்டேன்." அம்மா அகப்பைச் சோற்றைப் பானையிலேயே திருப்பிக் கொட்டினாள்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "கூறுகெட்டவளே, அப்பம் ஆறாவது ஆளுக்கு எங்க போவ?"

"ஆறாவது ஆளு இருக்கான். நித்தமும் ஆறு பேருக்குத்தான் உலையில அரிசி போடுதேன், இன்னைக்கும் போட்டிருக்கேன். வெரட்டுனது நீங்க, என் உலை வெரட்டல. ரெண்டு வருசமா காலைல ஷிப்டுக்குப் போம்போது பழையதும் மோரும் வயிறு முட்டக் குடிச்சிட்டுப் போறீகளே, அது யாரு பங்குன்னு நெனச்சீக?"

அப்பா மெதுவாக உட்கார்ந்தார். தன் தட்டைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், வயிற்றை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

மந்திரமூர்த்தி அண்ணாச்சிக்கும் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் அம்பயர் அம்பயர்தானே. "மதினி, பொங்குறது கணக்குல வராது, திங்குறதுதான் கணக்கு. மேட்ச் முடியுறதுக்குள்ள கெங்கு வந்து, ஒங்க உலைச் சோத்த என் கண்ணு முன்னால தின்னு தட்டு காலியாகட்டும், அவன எறக்குதேன். அது வரைக்கும் அஞ்சு பேரோட ஆடுங்க. சாப்பாட்டுக்காக மணி நிக்காது, சொல்லிட்டேன்" என்று சொல்லி மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு எஸ்டிடி பூத்துக்குப் போனார். கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் நின்றார், நான் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் அண்ணனைக் கூப்பிட்டு விட்டார்கள் போல. அப்பா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார், சட்டைப் பித்தானைத் திருகினார். கடைசியில், "ஏலே... சோறு ஆறிக்கிட்டிருக்கு" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். வழியெல்லாம் "வெளங்கியிருக்குமாட்டி? அவனுக்கு வெளங்கியிருக்கும்லா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஞாயிறு காலை அப்பாவே அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து டிவிப் பெட்டியைத் திறந்தார். படம் தொடங்கியது, நாய் வாசலில் கிடந்தது. வண்ணமுத்து எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான், கருப்பட்டி விரலைக் காட்டி இதற்கு என்ன செய்ய என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினான், அப்புறம் என்ன தோன்றியதோ, அந்தக் கை உறையைச் சரக்கென்று உருவினான். உள்ளே இன்னொரு உறை, துவைத்து மடித்ததுபோல் பளிச்சென்று இருந்தது. அட கிறுக்குப் பயலே, இதை முதலிலேயே செய்திருக்கக் கூடாதா என்று சித்தப்பா சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நாய் தலையைத் தூக்கியது. வண்ணமுத்து ஒரே தாவாகத் தாவினான், கண்ணாடி அலையடித்து நின்றது, அடுத்த நொடி நாய் அவனைத் துரத்தித் துரத்தி முகமெல்லாம் நக்கியது. அவசரத்தில் எங்கள் மட்டையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு வந்த எல்லாப் படத்திலும் அவன் கையில் டேப் சுற்றின ஹாக்கி மட்டை இருந்தது. அது ஏன் என்று எங்கள் காலனியைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவன் கழற்றிப் போட்ட உறையை அம்மா அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த விரலில் நகம் இன்றைக்கும் வளர்கிறது, வெள்ளிக்கிழமை இல்லாத நாளாகப் பார்த்து நான்தான் வெட்டிவிடுகிறேன்.

மத்தியான ஆட்டங்களில் எப்படியோ ஜெயித்து வந்தோம், சாயங்காலம் பிட்டர் குருசாமி வீட்டோடு ஆட்டம், அதுதான் பைனல். ஐந்து பேராக ஆடினோம். அம்மா கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தூக்குச்சட்டியும் ஆறாவது தட்டும் வைத்துவிட்டுத்தான் பேடு கட்டினாள். நாக்குத் தள்ள ஓடி ரெண்டுக்கு ரெண்டு என்று இழுத்து வந்தோம். அப்பா பந்தைப் பார்த்தாரா, ஸ்டேஷன் பாதையைப் பார்த்தாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முடிய கால் மணி நேரம் இருக்கும்போது, ஒரு ரெக்ஸின் பையோடு, முகத்தில் புது மீசையோடு, ஒருவன் மைதானத்து ஓரத்தில் வந்து நின்றான். "வந்திருக்கேன்" என்றான், யாரிடம் என்று இல்லாமல்.

அம்மா பேடோடு தபதபவென்று ஓடிவந்து அவனைக் கோட்டுக்கு வெளியே உட்கார்த்தித் தட்டை வைத்தாள். மந்திரமூர்த்தி அண்ணாச்சி ஒரு கண்ணை ஆட்டத்தின் மேலும் ஒரு கண்ணைத் தட்டின் மேலும் வைத்துக்கொண்டார். "தட்டு காலியாகணும்!" என்று சத்தம் போட்டார். அண்ணன் தின்றான். ரெண்டு வருஷப் பசி என்றால் அதுதான். பிசையக்கூட இல்லை, அள்ளி அள்ளி வைத்தான், குழம்பில் கண்ணீர் சொட்டியது, அதையும் சேர்த்துத் தின்றான். தட்டின் அடி தெரியும்போதெல்லாம் அம்மா இன்னொரு அகப்பை வைத்தாள். "மதினி, காலியாக விடுங்க!" என்று அண்ணாச்சி கத்தினார். அம்மாவுக்குக் காது கேட்கவில்லை. கோலில் ஆளே இல்லை, சாத்தூர் மருமகள் பந்தோடு டிக்குள் வந்து வெறும் கோலைப் பார்த்தாள், தின்கிறவனைப் பார்த்தாள், "மன்னிச்சுக்கோங்க சித்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே தட்டினாள். ஆட்டம் என்றால் ஆட்டம்தானே, அவள்மேல் என்ன தப்பு.

"ஏ சீனி! போதும்டி! அவன எழுப்பு!" என்று மட்டையை ஓங்கிக்கொண்டு அப்பா ஓடிவந்தார். வந்தவர் தட்டுக்கு முன்னால் நின்றார். கீழே குனிந்திருந்த அண்ணனின் பிடரியைப் பார்த்தார், எலும்பு தெரிந்தது. மட்டையைப் புல்லில் போட்டார், மூட்டு மடக்கி அவன் எதிரில் உட்கார்ந்தார்.

"மெதுவாத் தின்னுலே" என்றார். "விக்கிரப் போகுது."

விசில் ஊதியபோது அண்ணன் தட்டில் இன்னும் சோறு இருந்தது. குருசாமி வீட்டுக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஓடினார்கள், அப்புறம் வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அம்மா தூக்குச்சட்டியைக் கவிழ்த்துக் கடைசிப் பருக்கை வரைக்கும் அவன் தட்டில் வழித்துப் போட்டாள்.

மறுநாள் காலையில் பானையில் பழையது இல்லை. அப்பா வெறும் வயிற்றோடு, விசிலடித்துக்கொண்டே ஷிப்டுக்குப் போனார்.